அப்பச்சியோட பேஸ்பால் நோட்டு: ஏஐ ஏஜென்ட்டுக்கு ஒரு அட்டவணைக் கருவி செஞ்சிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க

கோவிலூர்க்காரி | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில வீட்டுல இருந்தே பைத்தான் வேலை பார்க்கிறேன். இங்கே வாசிக்கிறதோட சரி, இதுவரை இழை எதுவும் தொடங்கினதில்லை. இப்போ ஒரு கருவி செஞ்சிருக்கேன். சரியா வந்திருக்கான்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும்.

அண்ணன் குடும்பம் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கு. அண்ணன் மகனுக்கு பதினொரு வயசு. பேஸ்பால்னா உசிரு, அதுவும் ஜயன்ட்ஸ் அணி. எங்க அப்பச்சி (அப்பா) அங்கே மூணு மாசம் போய் இருந்தப்போ, பேரன் பக்கத்துல உட்கார வச்சு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்துட்டான். ஊருக்குத் திரும்பின பிறகும் அப்பச்சி விடலை. காலையில காபி குடிச்சுட்டு பட்டாலையில உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். அங்கே பேரன் பார்ப்பான். முடிஞ்சதும் ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசுவாங்க. அந்தப் பையன் வாய் நிறையத் தமிழ் பேசுறது அந்த அரை மணி நேரத்துலதான்.

போன வருஷம் சித்திரை பிறக்கிறதுக்கு முந்தின நாள், 2025 ஏப்ரல் 13, ஞாயிறு. ஜயன்ட்ஸ் நியூயார்க் போய் யாங்கீஸோட ஆடுறாங்க. அப்பச்சி போன்ல ஒரு ஏஐ உதவியாளர்கிட்ட தமிழ்லயே கேட்டிருக்கார், அடுத்த ஆட்டம் எப்போன்னு. ஏப்ரல் 14 காலைன்னு பதில் வந்திருக்கு. வருஷப்பிறப்பன்னைக்குக் குளிச்சு சாமி கும்பிட்டுட்டு வந்து போனை எடுத்தா, ஆட்டம் முடிஞ்சு பல மணி நேரம் ஆயிடுச்சு. அது பகல் ஆட்டம். நமக்கு ஞாயிறு ராத்திரி 11 மணிக்கு மேல தொடங்கியிருக்கு. ஜங் ஹூ லீ ரெண்டு ஹோம் ரன் அடிச்சு 5-4னு ஜெயிச்ச ஆட்டம் வேற. பேரன் கூப்பிட்டு "ஐயா, பாத்தீங்களா?"ன்னு கேட்டதும் அப்பச்சி ஒண்ணும் சொல்லாம போனை என் கையில கொடுத்துட்டார்.

அன்னைக்கு மத்தியானமே வேலையை ஆரம்பிச்சேன். மேஜர் லீக் பேஸ்பாலோட புள்ளிவிவர ஏபிஐயில, அதாவது நிரல் நேராப் போய்த் தகவல் கேட்டு வாங்குற வாசல்ல, அட்டவணை கிடைக்குது. அதை எடுத்துக் கொடுக்கிற ஒரு எம்சிபி சர்வர் எழுதினேன். தெரியாதவங்களுக்கு: எம்சிபிங்கிறது 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட ஒரு நெறிமுறை. மாடல் தன் நினைவுல இருக்கிறதை வச்சுப் பேசாம, வெளியில இருக்கிற கருவியைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்றதுக்கான வழி. என் கருவியில மூணு வேலை இருக்கு: ஒரு நாளோட ஆட்டங்கள், ஒரு அணியோட அடுத்த ஆட்டம், ஒரு அணிக்கு ரெண்டு தேதிக்கு நடுவுல உள்ள ஆட்டங்கள்.

ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துட்டேன். வேலை செய்யுது, ஆனா தேதியில இன்னும் இடறுது. 2026 சீசன் இந்த மார்ச் 25 தொடங்குது. அதுக்குள்ள சரி பண்ணணும்.

---

முகப்புத்திண்ணை | செவ்வாய், இரவு 10:05

ஆச்சி, எனக்கு பேஸ்பால் தெரியாது, கிரிக்கெட்தான். கேட்கிறது தப்பா இருந்தா மன்னிக்கணும். ஒரு அட்டவணையைப் பார்க்க இவ்வளவு பாடு ஏன்? ஐபிஎல் மாதிரி முழுப் பட்டியலை ஒரு தாள்ல அச்சடிச்சு முகப்புல ஒட்டிட்டா ஆகாதா?

---

கோவிலூர்க்காரி | செவ்வாய், இரவு 10:30

தப்பே இல்லை தம்பி, நானும் முதல்ல அதைத்தான் செஞ்சேன். ஆனா அளவைப் பாருங்க. 30 அணி, ஒவ்வொண்ணுக்கும் 162 ஆட்டம், மொத்தம் 2430. மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஏறக்குறைய தினம் ஆட்டம் உண்டு. மழை வந்தா தள்ளி வைப்பாங்க, தள்ளி வச்சதை வேற நாள்ல ரெட்டை ஆட்டமா ஆடுவாங்க. நான் ஒட்டின தாள் மே மாசமே பழசாயிடுச்சு.

---

ஆத்தங்குடிக்கல் | செவ்வாய், இரவு 11:12

ஆச்சி, நல்ல வேலை. நானும் அலுவலகத்துல ஏஜென்ட் கருவிதான் எழுதுறேன், அதனால கொஞ்சம் நுணுக்கமாவே கேட்கிறேன்.

முதல்ல, ஏபிஐ தர்ற ஜேசனை (தகவலை அடுக்கி அனுப்புற எழுத்து வடிவம்) அப்படியே மாடலுக்கு அனுப்புறீங்களா? அங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுறாங்க. ஒரு ஆட்டத்துக்கே மைதானம், அணி இணைப்பு, தொடர் எண், நிலைக் குறியீடு, அணியோட வெற்றி தோல்விக் கணக்குன்னு எவ்வளவோ வருது. ஒரு மாசத்துக்குக் கேட்டா மாடலுக்கு மூச்சு முட்டும். அந்தக் குவியல்ல எந்தத் தேதியை எடுக்கிறதுன்னு அது முடிவு பண்ண வேண்டி வருது. முடிவு பண்ற வேலையை நம்ம நிரல்ல வச்சுக்கணும், மாடல் கையில கொடுக்கக் கூடாது.

ரெண்டாவது, ஸ்டாண்டர்ட் இன்புட் அவுட்புட் (நிரல் எழுத்தை வாங்கி வெளியிடுற வழக்கமான பாதை) வழியா ஓட்டுறீங்கன்னா நிரல்ல எங்கேயும் பிரிண்ட் கட்டளை இருக்கக் கூடாது. அந்த வழியில ஜேசன் ஆர்பிசி செய்தி, அதாவது எம்சிபி பேசிக்கிற வடிவம் மட்டும்தான் போகணும். நடுவுல ஒரு வரி "இங்கே வந்துட்டேன்"னு அச்சானாலும் இணைப்பு கெட்டுடும். நமக்காக எழுதிக்கிற பதிவு எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர்ங்கிற தனிப் பாதையில போகட்டும். இதுல நான் ரெண்டு நாள் தொலைச்சிருக்கேன்.

மூணாவதுதான் முக்கியம். நேரத்தை எப்படி மாத்துறீங்க?

---

கோவிலூர்க்காரி | புதன், காலை 6:50

பிரிண்ட் விஷயம் எனக்கும் நடந்துச்சு, சரி பண்ணிட்டேன். ஜேசனை இப்போ ஏழே விவரமாச் சுருக்கித்தான் அனுப்புறேன்.

நேரம்தான் கதை. நான் முதல்ல எழுதின விதி: அமெரிக்கத் தேதியோட ஒரு நாள் கூட்டு. சொந்த ஊர்ல ஜயன்ட்ஸ் சாயங்காலம் 6:45க்கு ஆடினா நமக்கு மறுநாள் காலை 7:15. அப்பச்சி பார்க்கிறதுல முக்கால்வாசி இந்த வகைதான், அதனால விதி சரியா இருக்கிற மாதிரியே தெரிஞ்சுது. ஆனா அதே அணி கிழக்குக் கரைக்குப் போய் ஞாயிறு பகல் 1:35க்கு ஆடினா நமக்கு அதே ஞாயிறு ராத்திரி 11:05. ஒரு நாள் கூட்டினா போச்சு. வருஷப்பிறப்பன்னைக்கு நடந்ததும் இதுதான்னு நினைக்கிறேன், அந்த உதவியாளரும் கண்ணை மூடிக்கிட்டு ஒரு நாள் கூட்டியிருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2025 சீசனோட முதல் ஆட்டம் டோக்கியோவுல நடந்துச்சு, மார்ச் 18, டாட்ஜர்ஸும் கப்ஸும். அங்கே சாயங்காலம் 7:10, நமக்கு அன்னைக்கே மத்தியானம் 3:40. அமெரிக்க ஆட்டம்னா ராத்திரி இல்லேன்னா காலைன்னு எழுதி வச்ச விதி எல்லாம் அங்கே உடைஞ்சு போயிடும்.

இப்போ ஏபிஐ தர்ற யூடிசி நேரத்தை (உலகப் பொது நேரம்) மட்டும் எடுத்து ஏசியா கொல்கத்தாவுக்கு, அதாவது இந்திய நேரத்துக்கு மாத்துறேன். "இன்னைக்கு"ன்னு கேட்டா நேத்துத் தேதிக்கும் இன்னைக்குத் தேதிக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கி, நம்ம நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை உள்ளதை மட்டும் சலிச்சு எடுக்கிறேன். ஏன்னா ஏபிஐகிட்ட தேதி சொல்லிக் கேட்டா, அது அந்த ஊர் ஆட்டத் தேதியைத்தான் பார்க்குது. வியாழன் காலை நாம பார்க்கிற ஆட்டம் அதோட கணக்குல புதன்.

---

செக்காலை_ரோடு | புதன், காலை 8:15

ஆச்சி, மரியாதையாவே மாறுபடுறேன். இதுக்கு ஏஐ எதுக்கு? அணியோட அட்டவணையை போன் காலண்டர்ல சேர்த்துட்டா அதுவே நேரத்தை மாத்திக் காட்டும். மாடல்னு ஒண்ணு நடுவுல நுழைஞ்சாலே தப்புக்கு ஒரு வாசல் திறக்குது. பெரியவர் நம்பி உட்கார்றார். அவருக்குத் தப்பாச் சொல்லாத ஒண்ணுதான் வேணும்.

---

கோவிலூர்க்காரி | புதன், காலை 9:02

அண்ணே, நீங்க சொல்றதை நான் தள்ளலை. காலண்டரும் வச்சிருக்கோம். ஆனா அப்பச்சிக்குக் கண்ணுல புரை எடுத்த பிறகு சின்ன எழுத்து சிரமம். வாயால கேட்கிறதுதான் அவருக்கு வசதி. அதோட அவர் கேட்கிறது தேதி மட்டும் இல்லை. "நேத்து ஏன் ஆட்டம் இல்லை?", "ஒரே நாள்ல ரெண்டு போட்டிருக்கே, எதைப் பேரன் பார்ப்பான்?", "ஞாயித்துக்கிழமை பிள்ளையார்பட்டி போகணும், அதுக்கு முன்னாடி முடிஞ்சுடுமா?" இப்படி வரும். காலண்டர்கிட்ட இதைக் கேட்க முடியாது.

முடியுற நேரத்தை மட்டும் கருவி உறுதியாச் சொல்லாதபடி வச்சிருக்கேன். இத்தனை நொடிக்குள்ள பந்தை வீசணும்னு கடிகாரம் வந்த 2023க்குப் பிறகு சராசரி ஆட்டம் 2 மணி 40 நிமிஷம் பக்கம்தான். ஆனாலும் போன அக்டோபர் உலகத் தொடர் (லீக்கோட இறுதித் தொடர்) மூணாவது ஆட்டம் நினைவிருக்கா? டாட்ஜர்ஸும் புளூ ஜேஸும் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிஷம். காலைப் பலகாரத்துக்கு முன்னாடி உட்கார்ந்த அப்பச்சி மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் எழுந்திருச்சார்.

---

சன்னிவேல்_வளவு | புதன், காலை 10:20

கலிபோர்னியாவில இருந்து எழுதுறேன், சொந்த ஊர் பள்ளத்தூர். படிச்சதும் மனசு நிறைஞ்சுது. என் அப்பச்சியும் இதே மாதிரி கேட்பாங்க, கிரிக்கெட்டுக்கு.

பெயர்ச் சிக்கலைப் பார்த்தீங்களா ஆச்சி? நியூயார்க்ல ஜயன்ட்ஸ்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணி இருக்கு. பேஸ்பால் ஜயன்ட்ஸும் நியூயார்க்ல இருந்ததுதான், 1958ல சான் பிரான்சிஸ்கோ வந்தாங்க. மாடல் ரெண்டையும் கலக்கும். கார்டினல்ஸும் அப்படித்தான், செயின்ட் லூயிஸ்ல பேஸ்பால், அரிசோனாவுல ஃபுட்பால். "நியூயார்க் ஆட்டம்"னு மொட்டையாக் கேட்டா யாங்கீஸா மெட்ஸா? சிகாகோவுல கப்ஸ், ஒயிட் சாக்ஸ். லாஸ் ஏஞ்சலஸ்ல டாட்ஜர்ஸ், ஏஞ்சல்ஸ். ஊர் பெயரை வச்சுக் கருவி ஒண்ணைத் தானாத் தேர்ந்தெடுத்துடக் கூடாது.

பெயரும் மாறிக்கிட்டே இருக்கு. கிளீவ்லாந்து அணி 2022 சீசன்ல இருந்து கார்டியன்ஸ். ஓக்லாந்து அத்லெடிக்ஸ் 2025ல சாக்ரமென்டோ பக்கம் வந்துட்டாங்க, இப்போ வெறும் அத்லெடிக்ஸ்தான். அங்கே உள்ள பையன் இன்னும் "ஓக்லாந்து"ன்னுதான் சொல்லுவான், தாத்தா காதுலயும் அதுதான் விழும்.

---

கோவிலூர்க்காரி | புதன், காலை 10:48

ரொம்ப நன்றி. பழைய பெயரை எல்லாம் மாற்றுப் பெயர்ப் பட்டியல்ல சேர்த்துடறேன். தமிழ் எழுத்துக்கூட்டலும் அதுல இருக்கு: ஜயன்ட்ஸ், ஜெயன்ட்ஸ், ஜெயண்ட்ஸ், ஜயண்ட்ஸ். பேச்சை எழுத்தாக்குறப்போ ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வருது. ரெண்டு அணி பொருந்தினா கருவி அட்டவணையைத் தராம ரெண்டு பெயரையும் கொடுத்து "எதுன்னு கேள்"னு சொல்லும். இதை இன்னைக்கே எழுதிடறேன்.

---

தேவகோட்டை_ரஸ்தா | புதன், மாலை 4:35

மென்பொருள் சோதனை என் தொழில். கருவியை எப்படிச் சோதிக்கலாம்னு நாலைஞ்சு இடம் சொல்றேன். ஒவ்வொண்ணும் இந்த அட்டவணையில நிஜமாவே இருக்கிற குழி.

தள்ளிவைத்த ஆட்டம். ஒரு அணியோட முழு சீசனையும் கேட்டு எண்ணிப் பாருங்க, 162க்கு மேல வரும். மழையால நின்ன ஆட்டம் பழைய தேதியில "தள்ளிவைப்பு"ன்னும் புதுத் தேதியில மறுபடியும், அதே ஆட்ட எண்ணோட ரெண்டு தடவை இருக்கும். எண்ணை வச்சு ஒண்ணாக்கணும், ஆனா பழைய தேதி வரியைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. "நேத்து ஏன் ஆட்டம் இல்லை"ன்னு பெரியவர் கேட்கிறாரே, அதுக்குப் பதில் அந்த வரியிலதான் இருக்கு.

ரெட்டை ஆட்டம். ஒரே நாள், ஒரே எதிரணி, ரெண்டு ஆட்டம். ரெண்டாவது சில சமயம் முதலாவது முடிஞ்சதும் தொடங்கும், சில சமயம் தனிச் சீட்டோட ராத்திரி நடக்கும். நேரம் முடிவாகலைன்னா ஏபிஐயில அதுக்குன்னு ஒரு கொடி, அதாவது ஆம் இல்லைன்னு காட்டுற குறி இருக்கு. அந்தக் கொடி ஏறியிருக்கிறப்போ நேரக் கட்டத்துல இருக்கிறது ஒப்புக்கு வச்சது. அதை மாத்தி "அதிகாலை இத்தனை மணி"ன்னு சொல்லிட்டா பெரியவர் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

பாதியில நின்ன ஆட்டம். இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் டேனி ஜான்சன். 2024 ஜூன் 26, டொரான்டோ புளூ ஜேஸுக்காக பாஸ்டனுக்கு எதிரா மட்டை பிடிச்சு நிக்கிறார், மழை வந்து ஆட்டம் நின்னுச்சு. நடுவுல அவரை பாஸ்டனே வாங்கிடுச்சு. ஆகஸ்ட் 26 அதே ஆட்டம் விட்ட இடத்துல தொடருது, இவர் இப்போ பாஸ்டனுக்காகக் களத்துல நிக்கிறார். ஒரே ஆட்டத்துல ரெண்டு அணிக்கும் ஆடின முதல் ஆள். ஒரு ஆட்டம், ரெண்டு தேதி, நடுவுல ரெண்டு மாசம். உங்க கருவி இதுக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க.

கோப்பைச் சுற்று. ஏழு ஆட்டத் தொடர்னா அஞ்சு, ஆறு, ஏழாவது எல்லாம் முன்கூட்டியே அட்டவணையில இருக்கும், "தேவைப்பட்டால்" என்ற குறியோட. குறியை விட்டுட்டா நடக்காத ஆட்டத்துக்கும் நேரம் சொல்லிடும்.

கடைசியா, இப்போ நடக்கிற பயிற்சி ஆட்டங்கள். மார்ச்ல ஒரு அணி ரெண்டாப் பிரிஞ்சு ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல ஆடும். "ஒரு அணிக்கு ஒரு நேரத்துல ஒரு ஆட்டம்"னு நிரல்ல எங்கேயாவது நம்பியிருந்தீங்கன்னா இந்த வாரமே தெரிஞ்சுடும்.

---

கோவிலூர்க்காரி | புதன், இரவு 9:15

ரஸ்தா அண்ணே, சாயங்காலம் முழுக்க உங்க பதிவை வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி ஆட்டத்துல நீங்க சொன்னபடியே விழுந்துச்சு. "அடுத்த ஆட்டம்" கேட்டா பிரிஞ்ச ரெண்டுல ஒண்ணை மட்டும் தந்துச்சு. சரி பண்ணிட்டேன். ஜான்சன் ஆட்டத்துக்கு இப்போ தொடங்கின நாள், தொடர்ந்த நாள்னு ரெண்டும் வருது.

நீங்க சொல்லாத ஒரு குழி என்கிட்ட இருக்கு. போன ஜூலை நடுவுல நட்சத்திர ஆட்டத்துக்காக சீசனை நாலு நாள் நிறுத்தினாங்க. அப்பச்சி "இன்னைக்கு ஆட்டம் உண்டா?"ன்னு கேட்டார். கருவி வெறும் காலிப் பட்டியலைத் திருப்பி அனுப்பிச்சு. மாடல் அதைப் பார்த்துட்டு, எதிரணி, நேரம் எல்லாத்தோடயும் ஒரு ஆட்டத்தைத் தானாச் சொல்லிடுச்சு. அப்பச்சி அதை நோட்டுல எழுதியும் வச்சுட்டார்.

அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுது. காலிப் பட்டியல் எனக்குத்தான் பதில், மாடலுக்கு அது ஒரு வெற்றிடம், நிரப்பத் தோணுது. இப்போ கருவி முழு வாக்கியமாச் சொல்லும்: "ஏபிஐ பதில் வந்தது. இந்தத் தேதியில் இந்த அணிக்கு ஆட்டம் இல்லை. அடுத்த ஆட்டம் இன்ன நாள்." ஏபிஐ கிடைக்கலைன்னா அதுக்கு வேற வாக்கியம்: "அட்டவணையைப் பார்க்க முடியவில்லை. ஆட்டம் உண்டா இல்லையா என்று சொல்லாதே." இந்த ரெண்டும் ஒண்ணு இல்லை. இதைப் பிரிச்சு வச்ச நாள்ல இருந்து கற்பனை ஆட்டம் வரலை.

இன்னைய தேதியையும் ஒவ்வொரு பதில்லயும் முதல் வரியாப் போடுறேன். மாடலுக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னு தானாத் தெரியாது.

---

ஆத்தங்குடிக்கல் | புதன், இரவு 10:01

அந்த ரெண்டு வாக்கியம் போதும் ஆச்சி, பாதிக் கருவி அதுதான். நான் பார்க்கிற கருவிகள்ல பெரும்பாலும் இந்த இடம்தான் ஓட்டை.

ஒரு கேள்வி. கருவியோட விளக்கக் குறிப்பு ஆங்கிலத்துலயா தமிழ்லயா? எந்தக் கருவியை எப்போ கூப்பிடணும்னு மாடல் அதைப் படிச்சுத்தான் முடிவு பண்ணுது. நான் ஆங்கிலத்துலயே எழுதுறது வழக்கம்.

---

கோவிலூர்க்காரி | புதன், இரவு 10:24

விளக்கம் ஆங்கிலம், உதாரணக் கேள்விகள் தமிழ். "நாளான்னைக்கு", "வர்ற ஞாயிறு", "நேத்து ராத்திரி" எல்லாம் நாம சொல்ற மாதிரியே எழுதி, அதுக்கு எந்தத் தேதி வரணும்னு காட்டியிருக்கேன். இதுல "நேத்து ராத்திரி"தான் இன்னும் தீராத தலைவலி. நாளைக்கு விரிவா எழுதுறேன். அப்பச்சி நோட்டைப் படம் பிடிக்காம வார்த்தையிலயே சொல்லப் பார்க்கிறேன்.

---

செக்காலை_ரோடு | வியாழன், காலை 7:30

நேத்து நான் எதிர்த்துச் சொன்னேன். அந்த ரெண்டு வாக்கியத்தைப் படிச்ச பிறகு என் கருத்தை மாத்திக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த ஏபிஐ பதில்லயே உரிமைக் குறிப்பு ஒரு வரி வரும், பார்த்திருப்பீங்க. தனிநபர், வணிகம் சாராத, மொத்தமா அள்ளாத பயன்பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. வீட்டுக்கு வச்சுக்கிறதுல சிக்கல் இல்லை. யாராவது இதை எடுத்துக் காசுக்கு விக்கிற சேவையாக்க நினைச்சா அது வேற கதை. பொதுவில போடுறப்போ இதை முதல் பக்கத்துலயே எழுதிடுங்க. அடிக்கடி போய்க் கேட்காம விடையைக் கொஞ்ச நேரம் சேமிச்சும் வைங்க. தூரத்துத் தேதிக்கு ஒரு நாள் பழசு பரவாயில்லை, ஆட்ட நாள்ல பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

---

கோவிலூர்க்காரி | வியாழன், இரவு 8:45

அண்ணே, ரெண்டையும் செய்றேன். நன்றி.

இப்போ நோட்டு. எங்க வீட்டுல பழைய நீளக் கணக்கு நோட்டு நிறைய மிச்சம் இருக்கு, சிவப்புத் துணி அட்டை. அப்பச்சி அதுல ஒண்ணை பேஸ்பாலுக்குன்னு வச்சிருக்கார். பற்று, வரவுன்னு போடுற இடத்துல "அங்கே", "இங்கே"ன்னு தலைப்பு. இடது பக்கம் அங்கே என்ன கிழமை, என்ன நேரம். வலது பக்கம் இங்கே என்ன கிழமை, என்ன நேரம். ஒரு தேதியைத் தனியா எழுதவே மாட்டார்.

ஏன் இப்படின்னு கேட்டேன். அப்பச்சி சின்ன வயசுல பினாங்குல கடையில இருந்தவர். ஊருக்கு ட்ரங்க் கால் போடுறதுக்கு அப்பவே இந்த ரெண்டு கட்டத்தை வச்சிருக்கார். "அப்போ ரெண்டு மணி நேர வித்தியாசம். திடீர்னு ஒரு வருஷப் பிறப்புல ரெண்டரை ஆக்கிட்டாங்க. நான் பழைய கணக்குல போன் போட்டு ஆத்தாவைக் காக்க வச்சேன்"னார். போய்த் தேடினா அப்படியே இருக்கு. மலேசியா 1982 ஜனவரி 1 அன்னைக்குக் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சிருக்கு.

நேர வித்தியாசம் நிலையா நிக்காதுங்கிறதை அப்பச்சி அன்னைக்கே பட்டுத் தெரிஞ்சிருக்கார். நான் முதல் பதிப்புல நியூயார்க்னா ஒன்பதரை மணி நேரம்னு எண்ணாவே எழுதி வச்சிருந்தேன். அது கோடையில மட்டும் சரி. இந்த மார்ச் 8 அமெரிக்கக் கடிகாரம் மாறிச்சு. அதுக்கு முன்னாடி புளோரிடாவுல பகல் 1:05க்கு நடந்த பயிற்சி ஆட்டம் நமக்கு ராத்திரி 11:35, மறுவாரம் அதே 1:05 நமக்கு 10:35. அரிசோனாவுல கடிகாரம் மாறுறதே இல்லை, அங்கே 1:05னா நமக்கு எப்பவும் நடுராத்திரி 1:35. ஜயன்ட்ஸ் பயிற்சி அரிசோனாவுலதான்.

இந்த 1:35தான் "நேத்து ராத்திரி" சிக்கல். அரிசோனாவுல வெள்ளி பகல் ஆட்டம். நம்ம கடிகாரப்படி சனி 1:35. கருவி "சனிக்கிழமை 1:35"ன்னு சரியாத்தான் சொல்லுது. அப்பச்சி சனிக்கிழமை ராத்திரி முழிச்சுக்கிட்டு உட்கார்றார். ஏன்னா நமக்கு நாள் விடியுறப்போதான் மாறும். வெள்ளிக்கிழமை படுத்து நடுவுல எழுந்தா அது வெள்ளி ராத்திரிதான். பஞ்சாங்கத்துலயும் உதயத்துல இருந்துதானே நாள். நள்ளிரவுல தேதி மாறுறது போனுக்குத்தான்.

"அதிகாலை"ன்னு சேர்த்துச் சொல்ல வச்சுப் பார்த்தேன். 1:35ஐ யாரும் அதிகாலைன்னு சொல்ல மாட்டாங்கன்னு ஆத்தா சொல்லிட்டாங்க. என்ன செய்யலாம்?

---

முகப்புத்திண்ணை | வியாழன், இரவு 9:10

ஆச்சி, எனக்கு நிரல் தெரியாது. ஆனா எங்க அய்யா அச்சகம் வச்சிருந்தார். ராத்திரி முகூர்த்தம், ராத்திரி சாமி புறப்பாடு எல்லாத்துக்கும் பத்திரிகையில "வெள்ளிக்கிழமை இரவு விடிந்தால் சனிக்கிழமை 1:35 மணிக்கு"ன்னுதான் அடிப்போம். யாரும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வந்ததில்லை. அதையே உங்க கருவியும் சொன்னா என்ன?

---

சன்னிவேல்_வளவு | வியாழன், இரவு 9:22

இந்தப் பதிவுக்கு எழுந்து நின்னு கை தட்டுறேன். "விடிந்தால் சனி". ரெண்டு தேதியும் ஒரே மூச்சுல வந்துடுது.

---

கோவிலூர்க்காரி | வியாழன், இரவு 11:50

தம்பி, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு உடனே எழுதினேன். கருவி இப்போ நேரத்தை எண்ணா மட்டும் தராம, சொல்ல வேண்டிய வாக்கியத்தையே தமிழ்ல கட்டித் தருது. மாடல் அதை மாத்தக் கூடாதுன்னும் குறிப்பு வச்சிருக்கேன்.

எத்தனை மணி வரைக்கும் "விடிந்தால்"? உதயம் வரைன்னு வைக்கப் பார்த்தேன். ஆனா கிழக்குக் கரையில ராத்திரி 7:05 ஆட்டம் நமக்கு 4:35. அதை "இரவு விடிந்தால்"னு சொன்னா அப்பச்சி ஒத்துக்கலை. நாலு மணிக்கு மேல அது விடியக்காலம், எழுந்து பல் தேய்க்கிற நேரம்னுட்டார். அதனால 12:00 முதல் 3:59 வரை "இரவு விடிந்தால்", நாலுல இருந்து "விடியக்காலம்", ஆறுல இருந்து "காலை".

---

தேவகோட்டை_ரஸ்தா | வெள்ளி, காலை 6:40

"நேத்து ராத்திரி"ன்னு கேட்டா தேடுற எல்லையையும் அதேபோல மாத்தணும் ஆச்சி. நேத்து சாயங்காலம் 6ல இருந்து இன்னைக்கு 3:59 வரை. சொல்றது மட்டும் மாறி, தேடுறது நள்ளிரவுலயே வெட்டினா பாதி ஆட்டம் விட்டுப் போகும். சோதனைக்கு மூணு நேரம்: 11:05, 1:35, 4:35.

---

கோவிலூர்க்காரி | வெள்ளி, இரவு 7:20

மூணும் தேறிடுச்சு அண்ணே. தேடுற எல்லையையும் மாத்திட்டேன்.

இன்னைக்கு மத்தியானம் அப்பச்சி கையில கொடுத்தேன். "இந்த வருஷம் முதல் ஆட்டம் எப்போ?"ன்னு கேட்டார். வந்த பதில்: "ஜயன்ட்ஸ், யாங்கீஸ். சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிறது. அங்கே மார்ச் 25 புதன் மாலை. இங்கே மார்ச் 26 வியாழன் விடியக்காலம்." நேரத்தையும் சொல்லிச்சு. அப்பச்சி மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் நோட்டைப் பிரிச்சு புதுப் பக்கத்துல கோடு போட்டு, அங்கே புதன், இங்கே வியாழன்னு எழுதிக்கிட்டார்.

நிரலை நாளைக்குப் பொதுவில போடுறேன், உரிமைக் குறிப்போட. அணிகளோட தமிழ்ப் பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பா இருக்கும். உங்க வீட்டுல வேற மாதிரி உச்சரிச்சா சேர்த்துடுங்க.

---

சன்னிவேல்_வளவு | வெள்ளி, இரவு 10:35

பட்டியலுக்கு நான் முதல் ஆள். எங்க அப்பச்சி மரினர்ஸை "மரைனர்ஸ்"னுதான் சொல்றாங்க, சியாட்டில்ல தங்கச்சி இருக்கிறதால அது அடிக்கடி வரும். டயமண்ட்பேக்ஸுக்கு "டைமன் பேக்கு". ரெண்டையும் சேர்த்துக்கோங்க ஆச்சி.